ஓடும்போது சரி, காலை எடுத்தால் ஆஃப்

பழைய பெட்ரோல் வண்டிகளின் ஐடிலிங் (ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது எஞ்சின் மெதுவாக ஓடுவது) பற்றிய கேள்விகள் இந்த முறை நிறைய வந்திருந்ததால், பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறோம்.

கேள்வி: 1970-களில் வந்த மஹிந்திரா சிஜே-3பி பெட்ரோல் ஜீப். தோட்டத்திலிருந்து காய்கறி மூட்டை ஏற்றத்தான் பயன்படுத்துகிறோம். ரோட்டில் நன்றாக இழுக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் நாலைந்து முறை குலுங்கி ஆஃப் ஆகிவிடுகிறது. சோக்கைப் பாதி இழுத்து வைத்தால் மட்டும் நிற்காமல் ஓடுகிறது. கார்புரேட்டரை இரண்டு முறை கழற்றிக் கழுவியாகிவிட்டது. இனிப் புதிதுதான் போடவேண்டும் என்கிறார் மெக்கானிக். போடலாமா?
— வாசகர், ஒட்டன்சத்திரம்

பதில்: இப்போதைக்கு வேண்டாம். சோக் இழுத்தால் நிற்காமல் ஓடுகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. சோக் இழுத்தால் காற்று குறைந்து பெட்ரோல் கூடும். அப்போது எஞ்சின் நிம்மதியாக ஓடுகிறது என்றால், சோக் இல்லாதபோது மிக்சரில் (காற்றும் பெட்ரோலும் சேர்ந்த கலவையில்) காற்று அதிகம் அல்லது பெட்ரோல் குறைவு. காற்று வேறு வழியாக உள்ளே போகிறதா, ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறதா என்று கண்டுபிடித்தால் போதும்.

ஐடிலிங்கில் பட்டர்ஃபிளை, அதாவது ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும் கார்புரேட்டர் தகடு, ஏறக்குறைய மூடியே இருக்கும். மெயின் ஜெட் வேலை செய்யாது. பட்டர்ஃபிளைக்குக் கீழே உள்ள சின்னத் துளை வழியாக, ஸ்லோ ஜெட்டில் அளந்து வரும் பெட்ரோலில்தான் எஞ்சின் உயிர் பிடித்திருக்கிறது. அந்த நேரத்தில் உள்ளே உறிஞ்சும் விசை மிக அதிகம். பேக்கிங்கில் ஒரு மயிரிழை இடைவெளி இருந்தாலும் அதன் வழியே வரும் காற்று மிக்சரைக் கெடுத்துவிடும். ஆக்சிலேட்டரை மிதித்ததும் கார்புரேட்டர் வழியாகவே ஏராளமான காற்று போவதால் அதே ஓட்டை கணக்கிலேயே வராது. ரோட்டில் நன்றாக இழுப்பது அதனால்தான்.

உங்கள் ஜீப்பில் உள்ள எஃப்-134 ஹரிக்கேன் எஞ்சினில் ஒரு தனித்தன்மை உண்டு. இன்லெட் வால்வு ஹெட்டிலும் எக்சாஸ்ட் வால்வு பிளாக்கிலும் இருக்கும். மிக்சரை சிலிண்டர்களுக்குக் கொண்டுபோகும் குழாயான இன்லெட் மேனிஃபோல்டு தனியாகக் கிடையாது. ஹெட்டோடு சேர்த்தே வார்த்திருப்பார்கள். அதனால் மேனிஃபோல்டு பேக்கிங்கில் காற்று இழுக்கும் தொல்லை உங்களுக்கு இல்லை. பார்க்க வேண்டிய இடங்கள் நான்குதான்.

முதலில் கிராங்க்கேஸ் வென்டிலேட்டர் வால்வு. எஞ்சினின் உள்புகையை மறுபடி இன்லெட்டுக்கு இழுக்கும் சின்ன வால்வு இது. பைப்போடு ஹெட்டில் முறுக்கியிருக்கும். ஐடிலிங்கில் இது கிட்டத்தட்ட மூடிக்கொள்ள வேண்டும். ஆயில் கசடு பிடித்துத் திறந்தபடியே நின்றுவிட்டால், கார்புரேட்டரை எத்தனை முறை கழுவினாலும் ஐடிலிங் சீராகாது. பட்டறைகளில் அதிகம் கவனிக்கப்படாத பாகம் இதுதான் என்பதால் முதலில் வைத்தோம். வால்வைக் கழற்றி, ஹெட்டில் உள்ள துளையை அதே மரையுள்ள போல்ட்டால் அடைத்துவிட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். ஐடிலிங் சீரானால் குற்றவாளி கிடைத்துவிட்டார். வால்வை மண்ணெண்ணெயில் ஊறவைத்து ஏர் அடித்து, உள்ளே உள்ள பிளஞ்சர் தடையின்றி நகர்கிறதா என்று பார்த்து மாட்டுங்கள். துளையை அடைத்தபடியே வண்டி ஓட்டக் கூடாது. உள்ளே அழுத்தம் ஏறி ஆயில் சீல்களைத் தள்ளிவிடும்.

இரண்டாவது, வைப்பருக்குப் போகும் வேக்குவம் டியூப். வேக்குவம் வைப்பர் உள்ள பழைய ஜீப்புகளில் ஏ.சி. பம்பின் (பெட்ரோல் பம்ப்) ஒரு பாதி, வைப்பருக்கான வேக்குவத்தை உண்டாக்கும். அந்த டயஃப்ரம் கிழிந்தாலும் டியூப் வெடித்தாலும் காற்று நேராக இன்லெட்டுக்குள் போகும். டியூப்பை மடித்து இடுக்கியால் பிடித்தால் ஐந்து விநாடியில் தெரிந்துவிடும்.

மூன்றாவது, கார்புரேட்டரின் அடிப் பேக்கிங். நட்டை அளவுக்கு மீறி முறுக்குவதால் அடித்தட்டு இரு முனையிலும் வளைந்து, நடுவில் இடைவெளி விழுகிறது. கார்புரேட்டரைக் கழற்றி, தட்டின் மேல் ஸ்டீல் ஸ்கேலை நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பாருங்கள். 0.1 மி.மீ. ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) நுழைந்தால் வளைந்துவிட்டது என்று பொருள். கண்ணாடித் துண்டின் மேல் எமரி பேப்பரை விரித்து, எட்டு வடிவில் தேய்த்துச் சமமாக்கிப் புதுப் பேக்கிங் போடுங்கள். சிலிக்கான் பேஸ்ட் தடவ வேண்டாம். பெட்ரோலில் ஊறித் துணுக்காகப் பிரிந்து உள்ளே போகும்.

நான்காவது, பட்டர்ஃபிளை சுழலும் தண்டான ஸ்பிண்டில். ஐம்பது வருட வண்டியில் இந்தத் தேய்மானம் சாதாரணம். ஸ்பிண்டிலை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கையில் ஆட்டம் தெரிந்தால் அந்த வழியாகவும் காற்று போகிறது. லேத்தில் கொடுத்துப் பித்தளை புஷ் போட்டுக்கொள்ளலாம். புதுக் கார்புரேட்டர் விலையோடு பார்த்தால் அது சின்னச் செலவு.

சந்தேகமான இடத்தைக் கண்டுபிடிக்க எஞ்சின் ஓடும்போது பெட்ரோல் ஊற்றிப் பார்க்கும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். பக்கத்திலேயே எக்சாஸ்ட் மேனிஃபோல்டு பழுக்கக் காய்ந்திருக்கும். சலவைக்கடையில் துணிக்குத் தெளிக்கும் பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் பீய்ச்சினால் போதும். ஓட்டை உள்ள இடத்தில் தண்ணீர் பட்டதும் எஞ்சின் சத்தம் மாறும். ஸ்பிண்டிலில் மட்டும் பிரஷ்ஷால் கெட்டி ஆயில் தடவிப் பாருங்கள்.

நான்கிலும் குறை இல்லையென்றால் ஸ்லோ ஜெட்டுக்குப் போங்கள். கழுவியாகிவிட்டது என்கிறீர்கள், ஆனால் பெட்ரோலில் முக்கி எடுத்தால் ஸ்லோ ஜெட் சுத்தமாகாது. பிசின் மாதிரி ஒட்டியிருப்பதைக் கார்புரேட்டர் கிளீனரில் ஒரு இரவு ஊறவைத்து, இரு பக்கமிருந்தும் ஏர் அடிக்கவேண்டும். வெளிச்சத்தில் பார்த்தால் துளை வட்டமாகத் தெரிய வேண்டும். கம்பி, ஊசி எதையும் விடக் கூடாது. பித்தளை மென்மையானது, துளை கொஞ்சம் அகன்றாலும் அதன் பிறகு ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் மிக்சர் அமையாது. அடைப்பு போகவே இல்லையென்றால் மெல்லிய தூண்டில் நரம்பு போதும்.

கேள்வி: மிக்சர் ஸ்க்ரூவை எத்தனை சுற்று திறந்து வைப்பது? ஒவ்வொரு மெக்கானிக்கும் ஒரு கணக்கு சொல்கிறார். எங்கள் ஜீப்பில் ஸ்க்ரூவை முழுக்க உள்ளே முறுக்கினாலும் எஞ்சின் நிற்கவில்லை.
— திருச்சி, செங்கோட்டை வாசகர்கள்

பதில்: ஐடிலிங்குக்குப் போகும் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அந்த ஸ்க்ரூவுக்கு ஒன்றரைச் சுற்று என்பது தொடங்குவதற்கான இடம் மட்டுமே. சரியான இடத்தை எஞ்சின்தான் சொல்லும். ஆனால் ஸ்க்ரூவைத் தொடுவது கடைசி வேலை. அதற்கு முன் டேப்பெட் (வால்வு இடைவெளி), பிளக், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டரின் தொடுமுனை), டைமிங் (பொறி விழும் நேரம்) நான்கும் அளவில் இருக்கவேண்டும். எஃப்-134 எஞ்சினுக்கு, குளிர்ந்த நிலையில் இன்லெட் டேப்பெட் 0.018 அங்குலம், எக்சாஸ்ட் 0.016 அங்குலம். பிளக் இடைவெளி 0.030 அங்குலம், அதாவது 0.75 மி.மீ. பாயிண்ட் 0.020 அங்குலம், அரை மி.மீ. டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வரும் டாப்புக்கு 5 டிகிரி முன்னால். ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ஐடிலிங் 600 ஆர்.பி.எம்.

இன்லெட் டேப்பெட்டை எல்லோரும் பார்ப்பார்கள், ஏனென்றால் மேல் மூடியைத் திறந்தால் கை எட்டும். எக்சாஸ்ட் டேப்பெட் பிளாக்கின் பக்கவாட்டில், எக்சாஸ்ட் மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. கை நுழைவது கஷ்டம் என்பதால் பல வண்டிகளில் ஆண்டுக்கணக்காக யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இடைவெளி குறைந்துபோன எக்சாஸ்ட் வால்வு முழுக்க மூடாது; அந்த சிலிண்டர் ஐடிலிங்கில் மிஸ் ஆகும், வேகத்தில் தெரியாது. பிறகு வால்வே எரிந்துபோகும். இதைக் கார்புரேட்டர் கோளாறு என்று நினைத்து ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டிருப்பது பாவம்.

அளவுகள் சரியானதும், எஞ்சினை நன்றாகச் சூடேற்றுங்கள். சோக் முழுக்கத் திறந்திருக்கவேண்டும், ஏர் கிளீனர் மாட்டியிருக்கவேண்டும். பட்டர்ஃபிளை எவ்வளவு திறந்து நிற்கவேண்டும் என்று அமைக்கும் ஸ்லோ ஸ்க்ரூவில் 650 ஆர்.பி.எம். வரை வைத்துக்கொள்ளுங்கள். காதால் கணக்கிட முடியாது. டேக்கோ வசதியுள்ள மல்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. மிக்சர் ஸ்க்ரூவைக் கால் சுற்று உள்ளே திருப்பிப் பத்து விநாடி காத்திருங்கள். இப்படியே எஞ்சின் தடுமாறத் தொடங்கும் இடம் வரை போங்கள். பிறகு கால் கால் சுற்றாக வெளியே வாருங்கள். வேகம் ஏறி, உச்சத்தில் நின்று, மறுபடி கனத்து உருளத் தொடங்கும். இரண்டு இடத்துக்கும் நடுவே, எஞ்சின் மிக மென்மையாக ஓடும் இடத்தில் நிறுத்துங்கள். வேகம் கூடியிருக்கும், ஸ்லோ ஸ்க்ரூவைத் தளர்த்தி 600-க்குக் கொண்டுவாருங்கள். இன்னொரு முறை இதையே செய்யுங்கள். ஸ்க்ரூவை உள்ளே வைக்கும்போது முட்டியதும் விட்டுவிடவேண்டும். டைட் செய்தால் ஊசி முனையில் வளையம் விழுந்துவிடும். அந்த ஸ்க்ரூ இனி உதவாது.

முழுக்க மூடினாலும் எஞ்சின் நிற்கவில்லை என்றால், பெட்ரோல் வேறு வழியாக வருகிறது. பெரும்பாலும் ஸ்லோ ஸ்க்ரூவை அதிகம் முறுக்கியிருப்பதால் பட்டர்ஃபிளை வழக்கத்துக்கு மேல் திறந்து, அதன் ஓரத்தில் உள்ள அடுத்த துளைகள் வெளிப்பட்டிருக்கும். அவை மிக்சர் ஸ்க்ரூவுக்குக் கட்டுப்படாதவை. ஏன் அவ்வளவு திறக்க வேண்டியிருந்தது என்று கேளுங்கள்: டைமிங் பின்தங்கியிருக்கலாம், ஒரு சிலிண்டர் மிஸ் ஆகலாம். அதைச் சரிசெய்தால் பட்டர்ஃபிளை மூடும், ஸ்க்ரூவும் சொன்னபடி கேட்கும். அதுவும் இல்லையென்றால் கார்புரேட்டரில் தேங்கும் பெட்ரோலின் அளவைக் காக்கும் ஃப்ளோட்டின் மட்டம் உயர்ந்து நாசிலில் பெட்ரோல் சொட்டுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

இரு சக்கர வண்டி பழகியவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அங்கே பல கார்புரேட்டர்களில் இருப்பது ஏர் ஸ்க்ரூ. உள்ளே திருப்பினால் பெட்ரோல் கூடும். ஜீப்பின் சோலெக்ஸ் கார்புரேட்டரில் உள்ளே திருப்பினால் பெட்ரோல் குறையும். ஸ்க்ரூ பட்டர்ஃபிளைக்கு எஞ்சின் பக்கம் இருந்தால் மிக்சர் ஸ்க்ரூ, ஏர் கிளீனர் பக்கம் இருந்தால் ஏர் ஸ்க்ரூ.

கேள்வி: கார்புரேட்டர் உள்ள மாருதி ஆம்னி, கேஸ் கிட் போட்டது. கேஸில் ஐடிலிங் அருமை. பெட்ரோலுக்கு மாற்றினால் காலை எடுத்த நொடியே நின்றுவிடுகிறது.
— வாசகர், ஈரோடு

பதில்: கேஸில் சரியாக ஓடுவதால் பிளக், டைமிங், கம்ப்ரஷன் மேல் சந்தேகம் வேண்டாம். பெட்ரோல் பாதை மட்டும்தான்.

கார்புரேட்டரில் வயரோடு ஒரு சின்ன உருளை இருக்கும். சாவியைப் போட்டதும் ஸ்லோ ஜெட்டின் பாதையைத் திறந்துவிடும் சோலனாய்டு அது. எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் ஆன் செய்து, அந்த வயரைக் கழற்றி மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் ‘டிக்’ என்று கேட்கவேண்டும். கேட்கவில்லையென்றால் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து தனி வயர் கொடுத்துப் பாருங்கள். அப்போது கேட்டால் வயரிங் கோளாறு. அப்போதும் இல்லையென்றால் சோலனாய்டு போய்விட்டது. கேஸ் கிட் பொருத்தியபோது இந்த வயரை வெட்டி ஒட்டியிருப்பார்கள், அந்த இணைப்பு பச்சை பூத்துப்போயிருக்கும். சோலனாய்டின் ஊசியை வெட்டி எறிந்துவிட்டுப் பாதையை நிரந்தரமாகத் திறந்துவைக்கச் சிலர் யோசனை சொல்வார்கள். அப்படிச் செய்தால் சாவியை எடுத்த பிறகும் எஞ்சின் உதறிக்கொண்டே ஓடும்.

‘டிக்’ கேட்டால், மாதக்கணக்கில் கேஸிலேயே ஓடியதால் ஃப்ளோட் அறையில் பெட்ரோல் காய்ந்து ஸ்லோ ஜெட்டை அடைத்திருக்கிறது. கழுவியபின் வாரத்துக்கு ஒரு முறையாவது பத்து கிலோமீட்டர் பெட்ரோலில் ஓட்டுங்கள்.

கேள்வி: பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை ஏறும்போது, பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டினால் ஐடிலிங் தடுமாறி நின்றுவிடுகிறது. அரை மணி நேரம் ஆறினால்தான் ஸ்டார்ட் ஆகிறது. சமவெளியில் ஒரு தொல்லையும் இல்லை.
— வாசகர், ஆனைமலை

பதில்: நாற்பது கொண்டை ஊசி வளைவுகளை இரண்டாம் கியரிலேயே ஏறி வந்து நிறுத்தும்போது, ஃபேன் காற்றும் ஓட்டத்தின் காற்றும் குறைந்து, பானெட்டுக்குள் வெப்பம் தேங்குகிறது. இரண்டில் ஒன்று நடக்கும். ஃப்ளோட் அறையில் பெட்ரோல் கொதித்து மேனிஃபோல்டுக்குள் வழியும். அல்லது பம்புக்குப் போகும் பைப்பில் ஆவி அடைத்து பெட்ரோலே வராது. எது என்று அறிய ஏர் கிளீனரைக் கழற்றி உள்ளே பாருங்கள். ஈரமும் நெடியும் இருந்தால் முதலாவது. சோக் இழுக்காமல், ஆக்சிலேட்டரைத் தரை வரை ஒரே மிதியாக மிதித்துப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். அடித்து அடித்து மிதித்தால் ஆக்சிலரேட்டர் பம்ப் இன்னும் பெட்ரோலைத் தள்ளிவிடும். உள்ளே காய்ந்திருந்தால் இரண்டாவது. பம்பின் மேல் ஈரத்துணி சுற்றிப் பத்து நிமிடம் பொறுங்கள்.

நிரந்தரத் தீர்வுக்குக் கார்புரேட்டருக்கு அடியில் கெட்டியான ஃபைபர் பேக்கிங் இருக்கிறதா என்று பாருங்கள். சத்தம் இல்லாமல் யாரோ எடுத்துவிட்டு மெல்லிய காகிதப் பேக்கிங் போட்டிருப்பார்கள். வெப்பம் ஏறாமல் தடுப்பதே அதன் வேலை. பெட்ரோல் பைப் எக்சாஸ்டை ஒட்டிப் போனால் விலக்கிக் கட்டுங்கள். வண்டியை நிறுத்துவதற்கு முன் ஒரு நிமிடம் கொஞ்சம் ஏற்றிய ஐடிலிங்கில் ஓடவிடுவதும் உதவும்.

கேள்வி: எமது மொரிஸ் மைனர் பிக்கப் வாகனத்தில் எஸ்.யூ. காபரேற்றர். மிக்சர் ஸ்க்ரூவே இல்லை. ஐடிலிங் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கிறது. எதைத் திருப்புவது?
— வாசகர், யாழ்ப்பாணம்

பதில்: எஸ்.யூ.வில் ஐடிலிங்குக்கென்று தனி ஜெட் கிடையாது. ஒரே ஜெட்தான், அதில் ஏறி இறங்கும் ஊசிதான் எல்லா வேகத்துக்கும் அளவு போடுகிறது. அடியில் உள்ள அறுகோண நட்டு ஜெட்டின் உயரத்தை மாற்றும். நட்டை மேலேற்றினால் பெட்ரோல் குறையும், கீழிறக்கினால் கூடும். ஒரு தடவையில் ஒரு பட்டை மட்டும், அதாவது ஆறில் ஒரு சுற்று, திருப்புங்கள்.

சோதிக்கும் முறை அழகானது. எஞ்சின் சூடாக ஓடும்போது, கார்புரேட்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனை மெல்லிய ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு மி.மீட்டருக்கும் குறைவாக, 0.8 மி.மீ. அளவுக்கு உயர்த்துங்கள். வேகம் ஏறி ஏறிய இடத்திலேயே நின்றால் பெட்ரோல் அதிகம். உடனே நிற்கப் போனால் குறைவு. ஒரு கணம் சற்றே ஏறி மறுபடி பழைய நிலைக்கு வந்தால் சரி.

ஏறி இறங்குவதற்கு, முதலில் பிஸ்டன் சிக்குகிறதா என்று பாருங்கள். மேலே தூக்கி விட்டால் ‘டக்’ என்ற உலோகச் சத்தத்தோடு விழவேண்டும். தயங்கி இறங்கினால் உள்சுவரைத் துடைத்து, அப்படியும் சரியாகவில்லையென்றால் ஜெட்டை மறுபடி நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். மேலே உள்ள டாஷ்பாட்டில் (பிஸ்டன் அசைவை மட்டுப்படுத்தும் ஆயில் குழி) எஸ்.ஏ.இ. 20 ஆயில் இருக்கிறதா பாருங்கள். பிஸ்டன் சுவரில் மட்டும் ஆயில் தடவக் கூடாது. தொண்ணூறுகளின் பொருளாதாரத் தடைக்காலத்தில் உங்கள் பகுதியில் பல வாகனங்கள் மண்ணெண்ணெயில் ஓடின. உங்களுடையதும் அப்படி ஓடி, அதற்குப் பின் ஹெட் திறக்கப்படவில்லையென்றால், வால்வுகளில் படிந்த கரியையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

கேள்வி: மேட்டுப்பாளையத்தில் பட்டு மாதிரி ஓடும் ஜீப், ஊட்டியில் கரும்புகை விட்டுக் குலுங்குகிறது.
— வாசகர், காரமடை

பதில்: கோளாறு இல்லை. 2,240 மீட்டர் உயரத்தில் காற்று ஐந்தில் ஒரு பங்கு அடர்த்தி குறைவு. அதே ஜெட்டில் மிக்சர் சுமார் பத்தில் ஒரு பங்கு கெட்டியாகிவிடும். ஓரிரு நாள் தங்கலுக்கு மிக்சர் ஸ்க்ரூவைக் கால் முதல் அரைச் சுற்று உள்ளே வைத்து, ஐடிலிங்கைக் கொஞ்சம் ஏற்றுங்கள். எத்தனை திருப்பினீர்கள் என்று குறித்துவைத்து, கீழே இறங்கியதும் பழையபடி வைத்துவிடுங்கள். அங்கேயே குடியிருக்கும் வண்டிக்கு ஒரு அளவு சிறிய மெயின் ஜெட் போடலாம்.

கேள்வி: 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு ஐடிலிங் கெட்டுவிட்டது என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையா?
— சேலம், மதுரை, புதுச்சேரி வாசகர்கள்

பதில்: கார்புரேட்டர் வண்டிகளைப் பொறுத்தவரை உண்மை. ஒரு கிலோ பெட்ரோல் முழுக்க எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். இரண்டும் கலந்த எரிபொருளுக்கு ஏறத்தாழ 13.5. இன்ஜெக்ஷன் வண்டியில் சென்சார் இதை உணர்ந்து அளவைக் கூட்டிக்கொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவு இல்லை; துளை என்ன அளவோ அதைத்தான் விடும். அதனால் மிக்சர் மெலிந்து, முதலில் ஐடிலிங்கில்தான் தெரியும். மிக்சர் ஸ்க்ரூவை மேலே சொன்ன முறையில் மறுபடி அமையுங்கள். கால் முதல் அரைச் சுற்று வெளியே வரும். இரண்டரைச் சுற்றுக்கு மேல் திறந்தும் போதவில்லையென்றால், காற்று ஓட்டை எதுவும் இல்லை என்று உறுதிசெய்தபின் ஸ்லோ ஜெட்டை ஒரு படி பெரிதாக்கலாம். சோலெக்ஸில் 45 எண் இருந்தால் 50.

மிக்சரைவிட எங்களைக் கவலைப்படுத்துவது ரப்பர். பழைய டியூப், ஏ.சி. பம்ப் டயஃப்ரம், நீடில் முனை ஆகியவை எத்தனாலில் ஊறி உப்பி, பிறகு தூளாக உதிரும். அந்தத் தூள் நேராக ஸ்லோ ஜெட்டுக்குத்தான் போகும். எத்தனாலுக்கேற்ற டியூப்பாக மாற்றி, பம்புக்கு முன்னால் ஒரு ஃபில்டர் போடுங்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். தண்ணீர் ஓர் அளவைத் தாண்டினால் எத்தனாலோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். ஃப்ளோட் அறையில் வெள்ளைப் பொடி பூத்திருந்தால் அதன் அடையாளம். மாதத்தில் ஒரு நாள் மட்டும் எடுக்கும் வண்டியானால், நிறுத்தும் முன் பெட்ரோல் பைப்பைக் கழற்றிவிட்டு, ஃப்ளோட் அறை காலியாகி எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிடுங்கள். டேங்கைப் பாதி வைத்து நிறுத்துவதைவிட முழுக்க நிரப்பி நிறுத்துவது நல்லது. உள்ளே ஈரக்காற்றுக்கு இடம் குறையும்.